அக்கரைக்குப் போகும் வழியில்: பாடுகளிலும் நிச்சயமின்மையிலும் கிறிஸ்துவை நம்புவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், எங்கள் சபையின் வேதபாட வகுப்பை இருபது வருஷமாக நடத்திவருகிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இறையியல் கல்லூரிப் படிப்பு கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன் என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அதற்கு முன்னால் பாடுகளைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் பரீட்சைக்குக் கேட்பதுபோலக் கேட்டார்கள். இப்போது குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது, ஆஸ்பத்திரி வராந்தாவில், ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில். அப்படி வந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், அந்த நேரத்தில் வாயில் வராமல் பிறகு கிடைத்தவற்றையும் எழுதுகிறேன்.

இயேசுவை நம்பினால் கஷ்டம் தீரும் என்றார்கள். எங்களுக்கு நம்பின பிறகுதானே எல்லாம் வந்தது?

அப்படிச் சொன்னவர்கள் அவர் சொல்லாததைச் சொல்லிவிட்டார்கள். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்றுதான் அவர் சீஷர்களிடம் சொன்னார், அதுவும் தாம் பிடிக்கப்படுவதற்கு முந்தின ராத்திரியில். "ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" என்பது அதே வசனத்தின் மறுபாதி. நம் வீட்டுச் சுவர்க் காலண்டர்களில் பெரும்பாலும் மறுபாதி மட்டும்தான் அச்சாகிறது.

மாற்கு நான்காம் அதிகாரத்தில், இயேசுவும் சீஷர்களும் போன படகு புயலில் மாட்டுகிற கதையை எடுத்துப் பாருங்கள். கலிலேயாக் கடல் என்பது உண்மையில் ஒரு ஏரி. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் கீழே, மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது. காற்று மலையிடுக்கில் இறங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் கொந்தளிக்கும். அந்தப் படகில் இருந்தவர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நான்கு பேரும் அந்த ஏரியிலேயே வலை வீசிப் பிழைத்தவர்கள். குளச்சலில் கட்டுமரம் போட்ட ஒரு பெரியவர் ஒருமுறை சொன்னார்: "கரையில நிக்கவன் பயந்தா அது சும்மா. கடல் தெரிஞ்சவன் பயந்தாம்னா அது நெசம்." சீஷர்கள் பயந்ததும் அந்த வகைப் பயம்தான்.

நாம் தாண்டிப்போகிற ஒரு வரி இருக்கிறது. "அக்கரைக்குப் போவோம் வாருங்கள்" என்று அழைத்தவர் இயேசு. யோனா புயலில் மாட்டியது கீழ்ப்படியாமல் ஓடினதால். இவர்கள் மாட்டியது அவர் சொன்னபடி படகில் ஏறினதால். ஆகவே புயல் வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து, வழி தப்பிவிட்டோம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

அவரோ படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று எழுப்பினார்கள். இந்த நான்கு வருஷத்தில் இதைவிட நெருக்கமாக எனக்கு எந்த ஜெபமும் வந்ததில்லை.

இந்தச் சோதனை கடவுள் தந்ததா, பிசாசு தந்ததா?

தமிழ் வேதாகமம் வாசிக்கிற நமக்கு இதில் ஒரு சொல் குழப்பம் உண்டு. "தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்" என்று ஆதியாகமம் சொல்கிறது. "ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல" என்று யாக்கோபு எழுதுகிறார். இரண்டும் ஒரே சொல். ஆனால் முதலாவது, பொன்னைப் புடமிட்டுத் தரம் பார்ப்பது; இரண்டாவது, பாவத்தில் விழும்படி ஆசைகாட்டி இழுப்பது. புடமிடுகிறவர் தேவன். விழவைக்க இழுக்கிறவர் அவர் அல்லர்.

அதற்கு மேல், உங்கள் நோயோ உங்கள் மகனின் வேலையிழப்போ எந்தக் கையிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. யாராவது உறுதியாகச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்கே கடைசிவரை அது சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும். சாம்பலில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாது.

நான் செய்த பாவத்துக்குத் தண்டனையா இது?

இதைக் கேட்காத நோயாளியை நான் பார்த்ததில்லை. என் மனைவியும் கேட்டாள். யாரோ ஒரு அக்கா வீட்டுக்கு வந்து, "குடும்பத்துல அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு ராத்திரி. அவள் தன் கல்யாணத்துக்கு முந்தின வருஷங்கள் வரைக்கும் போய்த் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி வரை தூங்கவில்லை.

பிறவிக்குருடனைக் காட்டி, "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றியும் பேசினார்: அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்காதீர்கள்.

இதை எங்கள் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. செத்தவர்களில் பெரும்பாலானோர் ஜெபமாலை கையிலிருந்து இறங்காத மக்கள். உயிர் பிழைத்தவன் "கர்த்தர் என்னைக் காத்தார்" என்று நன்றி சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் அந்த நன்றியை, பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் "உன்னைக் காக்கவில்லை" என்று விழும்படி சாட்சியாகச் சொல்லாதீர்கள். அந்த மாதங்களில் அப்படி நிறையச் சாட்சிகள் கேட்டேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

குடித்தால் ஈரல் கெடும், கடன் வாங்கிச் சீட்டாடினால் வீடு போகும். சில செயல்களுக்குச் சில விளைவுகள் உண்டுதான். அது உங்கள் விஷயம் என்றால் உங்களுக்கே தெரியும், யாரும் வந்து கண்டுபிடித்துத் தர வேண்டியதில்லை. மனம் திரும்புங்கள், மன்னிப்பு உண்டு. இல்லாத பாவத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்கிறவர் தேவன் அல்ல.

விசுவாசம் இருந்தால் கர்த்தர் கட்டாயம் விடுவிப்பார் அல்லவா?

ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலைக்குப் போயிருக்கிறீர்களா? கத்தோலிக்கர்களைப் போல சீர்திருத்த சபைக்காரர்களான நாங்களும் அங்கே போவதுண்டு. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம்.

அவர் 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். இயற்பெயர் நீலகண்டபிள்ளை. மார்த்தாண்டவர்மா காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையிலிருந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையிலேயே தளபதியான டிலனாய் அவருக்கு நண்பர். வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து நீலகண்டபிள்ளை மனமுடைந்திருந்த நேரத்தில், டிலனாய் அவருக்கு எடுத்துச் சொன்னது யோபுவின் கதை. மனிதர் கிறிஸ்துவிடம் வந்தது அந்த வாசல் வழியாக. செல்வம் பெருகும் என்ற வாக்குறுதி அந்த வாசலில் இல்லை. எல்லாவற்றையும் இழந்தவன் கதைதான் இருந்தது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. கடவுளே உதவி என்று பொருள்.

அந்தப் பெயரோடுதான் 1749இல் பிடிபட்டார். விலங்கு, அடி, எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக ஊர்வலம். மூன்று வருஷம். கடைசியில் துப்பாக்கி. உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் இருக்கிறது. 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தார்கள். அது 270 வருஷம் கழித்து. மலையில் நின்ற அன்றைக்கு அவருக்கு அது தெரியாது.

தேவசகாயம் என்ற பெயர் பொய்த்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. உதவி என்பதை நாம் ஒரே அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறோம்: கதவு திறப்பது. மூன்று வருஷம் ஒரு மனிதன் உடையாமல் இருந்ததற்குப் பின்னால் ஒரு கை இருந்தது. அதுவும் உதவிதான்.

சிலையை வணங்காவிட்டால் அக்கினிச் சூளையில் போடுவேன் என்ற ராஜாவிடம் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் சொன்னதைக் கவனியுங்கள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். அடுத்த மூச்சில், "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள். அந்த ஒற்றைச் சொல்லில் நிற்கிறது விசுவாசம். முதல் பாதியை மட்டும் சொல்லப் பழகினவன், சூளை வாசலில் பேச்சற்று நிற்பான்.

புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசனம் நிறைவேறவில்லையே?

டிசம்பர் 31 ராத்திரி தட்டில் அட்டைகளை வைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்போம். எனக்கும் அது பிடிக்கும். எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் பல வருஷத்து அட்டைகள் செருகியிருக்கின்றன. நோய் தெரிந்த வருஷம் மனைவிக்குக் கிடைத்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குகிற வசனம். மார்ச் மாதம், சிறுநீரகம் கெட்டதைக் காட்டுகிற கிரியாட்டினின் ரிப்போர்ட் வந்தது. எதிர்பார்த்த முடிவு அதுவல்ல.

பிறகு அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்கிறது. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று கணக்கும் இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் பெரும்பாலானோர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். அதுவரைக்கும் என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதின் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள்.

தோட்டம் போடச் சொன்ன வரி எங்களைப் பிடித்துக்கொண்டது. "எல்லாம் சரியான பிறகு" என்று தள்ளிவைத்திருந்ததையெல்லாம் எடுத்தோம். மகள் கல்யாணத்தை ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து, திங்கட்கிழமை வைத்தோம். கொல்லையில் இரண்டு செவ்வாழைக் கன்று. அட்டையை எடுத்து எறியவில்லை. பின்பக்கம் "29:4 முதல் 14 வரை" என்று பேனாவில் எழுதி அதே இடத்தில் செருகிவைத்திருக்கிறேன்.

சந்தேகம் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?

போனவனுக்கு அந்தக் கவலை இருக்காது.

யோவான் ஸ்நானனைவிடப் பெரிய சாட்சி யார்? யோர்தானில் நின்று "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்று கைகாட்டினவர். ஏரோது சிறையில் போட்டபின், அதே யோவான் இரண்டு சீஷரை அனுப்பிக் கேட்கிறார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" இயேசு கோபிக்கவில்லை. குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள் என்று போய்ச் சொல்லுங்கள் என்றார். வந்தவர்கள் திரும்பிப்போன பிறகு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் ஒருவனுமில்லை என்று ஜனங்களிடம் புகழ்ந்தார். சந்தேகப்பட்ட அதே நாளில்.

சிறைக்கதவு திறந்ததா? திறக்கவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிசாசு பிடித்த மகனோடு வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்தினான். இரண்டும் ஒரே வாயில், ஒரே மூச்சில். இயேசு முதலில் அவிசுவாசத்தைச் சரிசெய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. பையனைக் குணமாக்கினார்.

கடவுள்மேல் கோபம் வருகிறது. சொல்லலாமா?

அவரிடமே சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்டதை நாம் ஆலயத்தில் எழுந்துநின்று வாசிக்கிறோம். 88ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் முடிவு வரை இருட்டுத்தான். கடைசி வரியிலும் விடியவில்லை. அதையும் தேவனுடைய வார்த்தை என்று சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யோபுவின் பேச்சு எத்தனை கடினம்! தான் பிறந்த நாளையே சபித்தவர். ஆனால் கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது தேவனுக்காக வக்காலத்து வாங்கின மூன்று சிநேகிதர்மேல். யோபு பேசினதுதான் நிதானம் என்றார்.

முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் ஆபத்து. சண்டை போடுகிறவன் இன்னும் எதிரில்தான் நிற்கிறான்.

மருந்து எடுப்பது விசுவாசக் குறைவா?

இல்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள், டயாலிசிஸை விடாதீர்கள், இன்சுலினை எந்த ஜெபக்கூட்டத்தில் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பவுலோடு கூடவே போன லூக்கா ஒரு வைத்தியர். இந்த மாவட்டத்தில் 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினவர்கள் ஜெபிக்கத் தெரியாதவர்களா? கையில் மருந்தும் வாயில் ஜெபமுமாகத்தான் சுவிசேஷம் நம் ஊருக்குள் நடந்து வந்தது.

அடிக்கிற கணவனோடு பொறுத்துக்கொண்டு இருப்பதுதான் என் சிலுவையா?

இல்லை, தங்கச்சி. இதை மட்டும் உரக்கச் சொல்கிறேன். சிலுவை என்பது கிறிஸ்துவினிமித்தம், கிறிஸ்துவுக்குப் பின்னால் நடப்பதற்காக, நாமாக எடுத்துச் சுமப்பது. குடித்துவிட்டு ஒருவன் கை ஓங்குவதை வாங்கிக்கொள்வதற்கு அந்தப் பெயர் கிடையாது. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகினார், அன்று ராத்திரியே தப்பி ஓடினார். நாசரேத்தில் மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்த கூட்டத்தின் நடுவிலிருந்து இயேசு விலகிப் போனார். பவுல் தமஸ்குவின் மதிலிலிருந்து கூடையில் இறங்கினார். தப்பித்துப் போவதும் கீழ்ப்படிதலாக இருக்கலாம். தாய்வீட்டுக்கோ நம்பிக்கையான ஒரு வீட்டுக்கோ போங்கள். பெண்களுக்கான 181 எண்ணைக் கூப்பிடுங்கள். மன்னிப்பதைப் பற்றி, அடி விழாத இடத்தில் உட்கார்ந்து பிறகு பேசலாம்.

என்ன முடிவெடுப்பது என்று தெரியவில்லை. கர்த்தருடைய சித்தத்தை எப்படி அறிவது?

"உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்." அந்தக் காலத்துத் தீபம் உள்ளங்கையில் அடங்குகிற மண் அகல். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அடுத்த அடி தெரியும், அதற்கு அடுத்தது தெரியாது. நாம் கேட்பது காரின் ஹெட்லைட். ஆபிரகாமோ, "தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான்."

எங்கள் விஷயத்தில், என் சிறுநீரகத்தையே கொடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் எடுக்க முடியாது என்றார்கள். மகள் கொடுக்க முன்வந்தாள், மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அரசு காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறது. கூப்பிடுவார்களா, எப்போது, தெரியாது. இதில் தேவசித்தம் எது என்று எத்தனையோ நாள் முழங்காலில் கேட்டேன். குரல் ஒன்றும் வரவில்லை. ஆனால் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒரு நாளும் குழப்பம் இருந்ததில்லை. தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும். கீரையையும் கிழங்கையும் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். செவ்வாய் காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எரிந்து விழாமல் பேச வேண்டும். இது எல்லாவற்றிலும் கடினம். பின்பற்றுவது என்பதை இப்போது நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்.

வேலையா, படிப்பா, வரனா என்று கேட்கிற இளையவர்களுக்கு: பாவமில்லாத இரண்டு வழி எதிரில் இருந்தால், ஜெபித்து, விவரம் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு, ஒன்றில் இறங்குங்கள். வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்துப் பார்க்க வேண்டாம்.

எத்தனை வருஷம் ஜெபித்தும் பதில் இல்லை. ஏன்?

டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றி ஞாயிறுபள்ளியில் ஒரு கதை எல்லாருக்கும் தெரியும். அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது, பழுப்புக் கண்ணை நீலமாக்கும்படி ஜெபித்தார். விடிந்து கண்ணாடியில் பார்த்தால் பழுப்புத்தான். பிற்காலத்தில் நம் ஊரில் சேலை கட்டிக் குழந்தைகளைக் காப்பாற்றப் போனபோது, அந்தப் பழுப்புக் கண்தான் அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது. நானும் இதைப் பிள்ளைகளுக்கு அலுக்காமல் சொல்லியிருக்கிறேன். காரணம் பளிச்சென்று கிடைத்துவிடுகிற கதை.

அதே அம்மாவின் இன்னொரு கதையை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், அந்தி இருட்டில் அங்கே வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அப்போது வயது 63. அதற்குப் பிறகு முழு சுகம் வரவேயில்லை. 1951 ஜனவரி 18 அன்று கண்மூடும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடு. அந்த அறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். அது வலிக்குக் காரணம் ஆகிவிடாது. எழுதுவதற்காகத்தான் கர்த்தர் காலை முறித்தார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு கல் தொட்டி வைத்தார்கள். மனைவிக்கு நோய் வந்த பிறகு ஒருமுறை அவளோடு போய் அதன் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தோம்.

மாம்சத்தின் முள் என்று தான் சொன்ன வேதனை நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்தது. முள் போகவில்லை. கெத்செமனேயில் பிதாவின் சொந்தக் குமாரன் நீங்கும்படி கேட்ட பாடுகளின் பாத்திரமே நீங்கவில்லை. உங்கள் ஜெபம் கேட்கப்படாததுபோல் இருக்கும்போது, அந்தத் தோட்டத்தில் உங்களுக்கு முன்னால் ஒருவர் முகங்குப்புறக் கிடந்திருக்கிறார். "ஏன்" என்பதற்கு என்னிடம் இதைவிட அதிகமான பதில் இல்லை.

துன்பத்தில் இருக்கிறவர்களைப் பார்க்கப் போனால் என்ன சொல்வது?

கொஞ்சமாகச் சொல்லுங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28ஐ முதல் நாளே எடுத்து நீட்டாதீர்கள். அது உண்மை. ஆனால் பவுல் அதற்கு வருமுன் பெருமூச்சைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருக்கிறார். நீங்களும் அந்த வரிசையில் வாருங்கள்.

எங்களைப் பார்க்க வந்தவர்கள் அன்போடு இளநீரும் ஆரஞ்சும் வாங்கி வந்தார்கள். இரண்டிலும் பொட்டாசியம், டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்கு ஆபத்து. கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் தெருவில் ஒரு சகோதரன், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான், வாசலில் நின்றபடியே "ரேஷன் கார்டைக் கொடுங்க அண்ணாச்சி" என்று வாங்கிக்கொண்டு போவான். நான்கு வருஷமாக எங்கள் வீட்டு அரிசியும் சீனியும் அவன் தோளில்தான் வருகிறது. அவன் எங்களுக்கு ஒரு வசனமும் சொன்னதில்லை.

ஜெபிக்கவே வரவில்லை. என்ன செய்வது?

எலியா சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். தூதன் வந்து புத்தி சொல்லவில்லை. தொட்டு எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், திரும்பவும் படுத்தார். தூதன் இரண்டாந்தரமும் வந்து அதையே சொன்னான். நீங்களும் சாப்பிடுங்கள், தூங்குங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் விடாமல் துரத்தினால் இன்றைக்கே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், டாக்டரிடமும் போங்கள்.

வார்த்தை வராவிட்டால் மற்றவர்களுடைய வார்த்தையை வாங்கிக்கொள்ளலாம். சங்கீதங்கள் அதற்குத்தான் இருக்கின்றன. பரமண்டல ஜெபம் இருக்கிறது. அதுவும் வராத நாளில் சபை ஜெபிக்கும்போது நடுவில் உட்கார்ந்திருங்கள். "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று எழுதியிருக்கிறது.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து பிஸ்டுலா வைப்பார்கள். அது வேலை செய்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு அதிர்வு ஓடும், வண்டு ரீங்கரிப்பதுபோல. ராத்திரி படுக்குமுன் மனைவி இடதுகையை நீட்டுவாள். நான் விரல் வைத்துப் பார்ப்பேன். "இருக்கா?" என்பாள். "இருக்கு" என்பேன். நிறைய நாள் எங்கள் வீட்டு ராத்திரி ஜெபம் அவ்வளவுதான். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, மறுநாள் செவ்வாய்க்கிழமை என்றால் நான்கரை மணிக்கு அலாரம் வைப்போம்.